மூக்கில் அடித்த மருந்து

மாஸ்டர் என்றால் அந்த வட்டாரத்தில் நீச்சல் மாஸ்டர்தான். நகராட்சி நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பவர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மூச்சுப் பிடிக்கக் கற்றுத்தந்தவருக்கு வாய்த்த ஒரே மகளோ மூச்சுக்கே போராடுகிறவள். குறைமாதத்தில் பிறந்த சிட்டுவுக்கு நுரையீரல் பலவீனம். மற்ற பிள்ளைகளின் சளி ஒரு கைக்குட்டையோடு போய்விடும். அவளுடையது ஆஸ்பத்திரிக் கட்டில்வரை போகும். வகுப்பில் எவனாவது தும்மினான் என்று கேள்விப்பட்டாலே அவள் அம்மா துணிமணியை எடுத்துவைக்கத் தொடங்கிவிடுவாள்.

அதனால்தான் மூக்கில் அடிக்கும் புது மருந்து ஒன்றைப் பெரியவர்களிடம் சோதித்துப் பார்க்கிறார்கள் என்றதும் மாஸ்டர் முதல் ஆளாகப் போய் நின்றார். சோதனையை நடத்தும் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இது ஏதோ ஒரு கிருமிக்கான தடுப்பு மருந்து அல்ல. நுரையீரலில் இருக்கும் காவல்காரர்களைத் தட்டியெழுப்பி மாதக்கணக்கில் விழிப்பாக வைத்திருப்பது. சளி, ஃப்ளூ, நிமோனியா, நாளைக்குப் புதிதாக முளைக்கப்போகும் காய்ச்சல் என்று எது வந்தாலும் வாசலிலேயே மடக்கிவிடும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் தூங்காத காவல்காரன் சில சமயம் வீட்டு ஆட்கள்மேலேயே கைவைத்துவிடுவான். அதனால் மூச்சில் சின்ன மாற்றம் தெரிந்தாலும் உடனே சொல்லிவிட வேண்டும் என்றார். மாஸ்டரின் காதில் முதல் பாதிதான் நன்றாக விழுந்தது. அன்றே மூக்கில் மருந்தை அடித்துக்கொண்டார்.

மழைக்காலம் வந்தது. மூக்கு ஒழுகும் பிள்ளைகளுக்கு நடுவே நாளெல்லாம் நின்றும் அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. உங்கள் மூக்கைக் கழற்றி மகளுக்கு மாட்டிவிட வழி இருந்தால் தேவலை என்று மனைவி கேலி பேசினாள்.

ஒரு காலையில், பிள்ளைகள் வருமுன், வழக்கம்போலத் தண்ணீருக்குள்ளேயே குளத்தைக் கடக்க மூழ்கினார். பாதி தூரத்தில் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போலிருந்தது. மேலே வந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வயசாகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனால் அடுத்தடுத்த நாட்களிலும் அதே இறுக்கம். படியேறினால் வறட்டு இருமல். நடுப்படியில் உட்கார்ந்தவரிடம் மனைவி கேட்டபோது, முட்டிவலி என்று மழுப்பினார்.

மருந்தின் வேலைதான் என்று உள்ளுக்குள் தெரிந்தது. சொன்னால் சோதனை நின்றுபோகும், சிட்டுவுக்கு மருந்து வராமலே போகும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவன் என்ற பேர் தனக்கு எதற்கு? சோதனைக்கூடத்திலிருந்து போன் வந்தபோதெல்லாம், எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றே சொல்லிவைத்தார்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா மலர்ந்த முகத்தோடு இருந்தார்.

"நல்ல சேதி சொல்லவா? அடுத்து குழந்தைங்களுக்குக் குடுத்துப் பாக்கப்போறோம். அதுலயும் உங்க பொண்ணு மாதிரி நுரையீரல் பலவீனமான பிள்ளைங்களுக்குத்தான் முதல்ல."

எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாரோ அதே வார்த்தை. மாஸ்டர் கிளம்ப எழுந்தார். தண்ணீருக்கடியில் தன் நெஞ்சை இறுக்கிய கயிறு அந்தச் சின்ன நெஞ்சை இறுக்கினால்? எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"டாக்டர், நான் ஒண்ணை மறைச்சுட்டேன்."

டாக்டரம்மா கோபப்படவில்லை. எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டுவிட்டு ஸ்கேனுக்கு அனுப்பினார். நுரையீரலில் அங்கங்கே வீக்கம் இருந்தது. அன்றே மாத்திரை தொடங்கினார்கள், சோதனையை நிறுத்திவைத்தார்கள். மருந்து எடுத்த மற்றவர்களைத் துருவிக் கேட்டபோது இன்னும் இரண்டு பேர் அதே கதையைச் சொன்னார்கள். அவர்கள் அதைச் சாதாரண இருமல்தானே என்று விட்டிருந்தார்கள்.

அன்று இரவு வீட்டில் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு வந்து அவள் சொன்னாள்.

"மருந்து நின்னுபோச்சேன்னு எனக்கு வருத்தமில்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா மூச்சு முட்டுதுன்னு எங்கிட்டகூடச் சொல்லாம தினம் தண்ணில இறங்கினீங்களே. அங்கேயே ஏதாவது ஆயிருந்தா?"

அவர் அன்றைய மாத்திரையை எடுத்துவந்து அவள் முன்னாலேயே விழுங்கினார்.

மாத்திரையில் வீக்கம் வடிந்தது. ஆனால் குளிர் விடுவதற்குள் சிட்டு மறுபடியும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தாள். ஆக்சிஜன் குழாயோடு கிடந்த மகளைப் பார்த்தபோது, செய்தது சரிதானா என்று மாஸ்டருக்கு மனம் தடுமாறத்தான் செய்தது.

"அந்த மருந்து வருமாப்பா?"

"வரும்டா. கொஞ்சம் லேட்டாகும்."

"ஏன்?"

"இன்னும் நல்லா செஞ்சிட்டு இருக்காங்க."

அவள் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். இந்த முறையும் தேறி வீடு வந்தாள்.

கோடை தொடங்கிய நேரத்தில் டாக்டரம்மாவே போன் செய்தார். மருந்து எடுத்தவர்களில் பெரும்பாலோர் சளியே பிடிக்காமல் மழைக்காலத்தைத் தாண்டியிருந்ததால் மருந்தைக் கைவிட யாருக்கும் மனமில்லை; அளவைக் குறைத்து, பெரியவர்களிடமே முதலிலிருந்து தொடங்கப்போகிறார்களாம். ஒருமுறை வீக்கம் கண்டவர் என்பதால் மாஸ்டரைச் சேர்க்க முடியாது. யாராவது வருவார்களென்றால் அனுப்பச் சொன்னார்.

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"நான் வர்றேன் டாக்டர். லேசா இருமல் வந்தாலும் உங்களுக்குத்தான் முதல்ல போன் பண்ணுவேன். இவரை மாதிரி இல்ல."