பூட்டாத வீட்டின் சாவி

எங்கள் வீட்டு வழக்குக்குப் பதினோரு வயது. என் கூடப்பிறந்தவர்கள் இருவரும் பெற்ற பிள்ளைகளைக்கூட இவ்வளவு அக்கறையாக வளர்க்கவில்லை. பிள்ளைக்கு ஜுரம் என்றால் "நாளைக்குப் பாக்கலாம்" என்பார்கள். வேலூர் கோர்ட்டில் வாய்தா என்றால் முதல் நாளே சேர்வானி இஸ்திரிக்குப் போய்விடும்.

நான் ரஃபத் ஜஹான். ஆம்பூரில் தோல் மண்டி வைத்திருந்த ஷபீ அஹமது சாயபுவின் மகள். அண்ணன் முக்தார் அகமது பேரணாம்பட்டில் மண்டி நடத்துகிறார். தம்பி கலீமுல்லா ஆற்றோரம் தோல் பதனிடுகிறான். நான் புருஷனைப் பறிகொடுத்து இருபது வயதில் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். கிணற்றை ஒட்டிய அறை என்னுடையது. தெருப் பெண்பிள்ளைகள் பன்னிரண்டு பேர் தினமும் காலையில் அங்கே வந்து என்னிடம் குர்ஆன் ஓதுகிறார்கள். இந்த உலகத்தில் எனக்கு வேண்டியது அந்த ஒரு அறைதான்.

அண்ணனும் தம்பியும் முற்றத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராகக் குடும்பத்தோடு இருக்கிறார்கள். பேச்சு கிடையாது. ஒரே கிணற்றுக்கு இரண்டு கயிறு, இரண்டு வாளி.

"ரஃபத், அவன் ஆடு என் தொட்டியில தண்ணி குடிக்குது. கட்டிப் போடச் சொல்லு" என்பார் அண்ணன். தம்பி நான்கடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பான்.

"ஆபா, தொட்டியில பேர் எழுதியிருக்குதான்னு கேளு" என்பான் அவன். ஆபா என்றால் அக்கா.

நான் யாரிடமும் எதையும் சொல்லமாட்டேன். இரண்டு பேருக்கும் காது நன்றாகத்தான் கேட்கிறது.

வழக்கு இதுதான். அப்பா ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுப் போனார். ஜித்தாவில் இறங்கிய நாலாம் நாள் காலராவில் காலமானார். புறப்படும்போது வீட்டைத் தனக்கு ஹிபாவாக, அதாவது தானமாகக் கொடுத்துவிட்டார் என்று அண்ணனும் சொன்னார், தம்பியும் சொன்னான். ஹிபாவுக்குப் பத்திரம் வேண்டியதில்லை. கொடுப்பவர் வாயால் சொல்ல வேண்டும், வாங்குபவர் சரியென்று ஏற்க வேண்டும், பொருள் கைமாற வேண்டும். வீடு கைமாறியதற்கு அடையாளம் வாசல் சாவி. ரயிலடியில் தந்தார் என்று அண்ணன் ஒரு சாவியைக் கோர்ட்டில் வைத்தார். பள்ளிவாசலில் தந்தார் என்று தம்பி இன்னொரு சாவியை வைத்தான். அப்பாவின் கையால் வாசல் சாவியை வாங்கியவருக்கே வீடு என்று இருவரும் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தார்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு வரியில்தான்.

ஹிபா எதுவும் இல்லை என்று கோர்ட்டு தள்ளிவிட்டால் எங்கள் மார்க்கச் சட்டப்படி வீடு ஐந்து பங்காகும். அவர்களுக்கு இரண்டிரண்டு, எனக்கு ஒன்று. அந்த ஒன்றில் என் அறை அடங்கிவிடும். அதை நம்பித்தான் நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். எனக்குத் தெரிந்த உண்மை வேறு.

கடைசியில் ஜட்ஜ் என்னையும் விசாரிக்கச் சொன்னார். அந்நிய ஆண்கள் முன் வராத கோஷாப் பெண் கோர்ட்டுக்குப் போகமாட்டாள் என்பதால், வீட்டுக்கே வந்து திரைக்கு அந்தப்புறம் உட்கார்ந்து வாக்குமூலம் எழுத ஆதிகேசவன் என்ற வக்கீலைக் கமிஷனராகப் போட்டார்கள்.

முந்தின நாள் அண்ணன் என் அறைக்கு வந்தார். "ரயிலடியிலன்னு மட்டும் சொல்லு. கேஸ் முடிஞ்சதும் நீ பேரணாம்பட்டுக்கு வந்துடு. மண்டிக்குப் பின்னால ஒரு ரூம் சும்மாதான் கெடக்குது" என்றார்.

அவர் போனதும் தம்பி வந்தான். "பள்ளிவாசல்லன்னு சொல்லிடு ஆபா. உனக்கு மாடியில எடம் தர்றேன். இந்த ரூம்ல தோல் பதனிடற ஆவாரம்பட்டை மூட்டை போட்டா வசதியா இருக்கும்."

"அப்ப பசங்க எங்க ஓதும்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்று சுவரைச் சாணால் அளந்துகொண்டே சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் கூடத்தில் திரை கட்டினார்கள். ஆதிகேசவன் கோர்ட்டு எண் சீட்டுக் கட்டிய இரண்டு சாவிகளையும் கொண்டுவந்திருந்தார். வாசல் பூட்டில் போட்டுப் பார்க்கச் சொல்லி ஜட்ஜ் உத்தரவு. இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையா என்று கேட்காதீர்கள். எப்படித் தோன்றும்? கல்யாண வீடோ மவுத்து வீடோ, யார் எங்கே போனாலும் நான் உள்ளே இருப்பேன், தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். கோஷாப் பெண் இருக்கிற வீட்டை வெளியிலிருந்து யார் பூட்டுவார்கள்? தங்கள் வீட்டுச் சாவி எப்படி இருக்கும் என்றே அவர்களுக்குத் தெரியாது.

அண்ணனின் சாவி பூட்டுக்குள் நுழையவே இல்லை. தம்பியுடையது நுழைந்தது, திரும்பவில்லை.

"பூட்ட மாத்திட்டான் சார்!" என்றார் அண்ணன்.

"அவர்தான் சார் மாத்தினாரு!" என்றான் தம்பி.

ஆதிகேசவன் அலுத்துப்போய்த் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். "நீங்களாவது சொல்லுங்கம்மா. உங்க அப்பா சாவிய யார்கிட்ட குடுத்தாரு?"

குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் செய்திருந்தேன். பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று தினமும் சொல்லிக் கொடுப்பவள் நான்.

"என்கிட்ட" என்றேன்.

குர்ஆன் பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்திருந்த சாவியைத் திரைக்கு அடியில் தள்ளினேன். அவர் எழுந்து வாசலுக்குப் போவது கேட்டது. ஒரே திருப்பில் பூட்டு விழுந்தது, மறு திருப்பில் திறந்துகொண்டது. வருஷத்துக்கு ஒருமுறை எண்ணெய் போட்டது நான்தானே.

திரும்பி வந்தவரின் குரலே மாறியிருந்தது. "குடுக்கும்போது என்ன சொன்னாரும்மா?"

"அவங்க ரெண்டு பேரும் வண்டியில பெட்டி ஏத்திட்டிருந்தாங்க. அப்பா உள்ள வந்து, 'வூடு இனிமே உன்னுதும்மா'ன்னு சொல்லிக் குடுத்தாரு. பத்திரமா பாத்துக்கன்னு சொன்னாரோ, குடுத்துட்டேன்னே சொன்னாரோ, எனக்குத் தெரியாது. கேக்கறதுக்குள்ள கெளம்பிட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரிப்பான்னேன்."

அதையும் எழுதிக்கொண்டார். சாவிக்குச் சீட்டுக் கட்டப்போனவரிடம், "அத எடுத்துட்டுப் போனா நான் எத வச்சிப் பூட்றது?" என்று கேட்டேன். சாவியைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டு, திரைக்கு அடியிலேயே திருப்பித் தந்தார்.

ஆதிகேசவன் வாசலைத் தாண்டிப் போனார். பிறகு அண்ணனின் குரல் கேட்டது. அதில் ஆடு, தொட்டி எதுவும் இல்லை, நடுவில் என் பெயரும் இல்லை.

"கலீம், மெட்ராஸ்ல பெரிய வக்கீல் யாராவது தெரியுமாடா?"

"தெரியும் பாய்ஜான். இப்பவே கெளம்பினா ரயிலப் புடிச்சிடலாம்."

ஜன்னல் தட்டி வழியாகப் பார்த்தேன். இருவரும் ஒரே ஜட்காவில் ஏறினார்கள். அண்ணன் ஏறத் தம்பி கை கொடுத்தான். என் கூடப்பிறந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பதினோரு வருஷமாக ஐந்து வேளையும் துஆ கேட்டவள் நான். அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

வாசல் கதவைச் சாத்தினேன். வெறும் தாழ்ப்பாளோடு விடாமல் சாவியையும் உள்ளேயிருந்து திருப்பினேன். திரும்பி வந்தால் தட்டட்டும். இருவரும் சேர்ந்தே தட்டட்டும்.