தாமல் வரைக்கும் ஒரு பஸ்

அஜிதநாத நயினார், பஸ் கம்பெனி கழித்துப்போட்ட வண்டி ஒன்றை வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் திருப்பருத்திக்குன்றமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நெல் விளைவிக்கிற மனுஷனுக்கு பஸ் எதற்கு? கேட்டவர்களுக்கெல்லாம் "நெல்லு ஏத்தத்தான்பா" என்று ஒரே பதில். பெண்டாட்டி ஜ்வாலாமாலினிக்கும் அதே பதில்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், சொல்லும்போதே முகம் கோணிக்கொண்டது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்ததால் அதைப் பார்க்கவில்லை.

களத்துமேட்டில் விழுந்ததிலிருந்து அவளுக்கு முதுகெலும்பில் கோளாறு. சமமான இடத்தில் படுத்திருந்தால் பரவாயில்லை. தலைப்பக்கமோ கால்பக்கமோ ஒரு விரற்கடை சரிந்தாலும் வலி உயிரை எடுத்துவிடும். இந்த உடம்பை வைத்துக்கொண்டு அவளுக்கு ஒரே ஓர் ஆசை. சிரவணபெளகொளாவில் கோமடேஸ்வரருக்கு நடக்கும் தலை அபிஷேகத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். அது வருஷா வருஷம் நடப்பதா என்ன? பன்னிரண்டு, பதினாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான். போன தடவை படுக்கையில் கிடந்த மாமியாரை விட்டு நகர முடியவில்லை. இந்த அறுபத்தேழாம் வருஷப் பங்குனியை விட்டால் அவள் ஆயுசுக்குள் இன்னொன்று வராது. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

ஒரு வருஷம் முன்பே, அவளால் தாங்க முடிகிறதா பார்க்கலாம் என்று காரில் உட்கார வைத்து அழைத்துப் போனார். ஓச்சேரி வருவதற்குள் அவள் அலறிய அலறலில் டிரைவர் தானாகவே வண்டியைத் திருப்பிவிட்டான். அன்றைக்கு நயினார் மாட்டுக்கொட்டகையில் போய் நின்றுகொண்டு அழுதார். அதோடு பெளகொளாப் பேச்சை நிறுத்தினார். இனி வேலையை முடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பது என்று வைராக்கியம். பிடித்தால் பிடித்ததுதான் அவருக்கு.

காஞ்சிபுரம் ரயிலடிக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு பாடி கட்டும் சாமுவேலின் கொட்டகையில் வேலை நடந்தது. சீட்டுகளைப் பிடுங்கிப் போட்டு, ஸ்பிரிங் வைத்து மெத்தை போட்டாயிற்று. பின்பக்கம் கட்டில் நுழைகிற மாதிரி கதவும் வைத்தாயிற்று.

"ஓடறப்போ ஆட்டத்த மெத்த வாங்கிக்கும் நயினாரே," என்றான் சாமுவேல். "தங்கற எடம் சரிவா இருந்துதுன்னா அம்மா எப்படித் தூங்குவாங்க?"

"அத்த நெனச்சிக்கினுதான்பா நானும் தூங்காம கெடக்கறேன்."

சாமுவேல் யோசித்து, பஸ்ஸின் நான்கு மூலையிலும் அடிச்சட்டத்தோடு சேர்த்து ஸ்குரூ ஜாக்கிகளைப் பொருத்தினான். கீழே பலகை கொடுத்துத் திருகினால் பள்ளத்துப் பக்கம் தூக்கிக்கொள்ளும். உள்ளே தரையில் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை திருக வேண்டும். பக்கவாட்டில், கூரையோரமாகக் குழாயில் சுற்றிய கித்தான் படுதா. கம்பு கொடுத்து நிறுத்தினால் நிழல், கம்பை எடுத்தால் ஜன்னலை மூடிக்கொண்டு தொங்கும். ஜைன வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்தாக வேண்டுமே, வெயிலோடு சமைக்க நிழல் வேண்டாமா?

மாசிக் கடைசியில் பஸ் வாசலுக்கு வந்து நின்றது. சாமுவேல் ஜாக்கியைத் திருகி மட்டம் பார்த்துக் கொடுத்தான். நாலு பேர் கட்டிலோடு தூக்கி ஜ்வாலாமாலினியை உள்ளே கொண்டுபோய் மெத்தையில் விட்டார்கள். அவள் கண்ணை இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு மெதுவாகத் திறந்தாள்.

"வலியே இல்லீங்க!" என்று சிரித்துவிட்டாள். "நெல்லு ஏத்தற வண்டியில எதுக்குங்க மெத்த?"

"நெல்லாவது மண்ணாவது. வெள்ளிக்கெழம கெளம்பறோம். பெளகொளாவுக்குத்தான்!"

அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நயினாருக்கு ஒன்றும் புரியவில்லை.

"மழைக்காலத்துல மாதாஜி நம்மூருல தங்கினாங்க இல்ல? அவங்களாண்ட திக்விரதம் எடுத்துக்கினேங்க," என்றாள்.

அந்த ஜைனப் பெண் துறவியிடம் அவள் எடுத்தது, நாலு திசைக்கும் எல்லை குறித்துக்கொண்டு, உயிர் இருக்கிற வரைக்கும் அதைத் தாண்டுவதில்லை என்கிற விரதம். மேற்கே அவள் குறித்த எல்லை தாமல் ஏரிக்கரை. காஞ்சிபுரத்திலிருந்து ஏழெட்டு மைல்தான்.

"அடிப்பாவி! என்னாண்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"நீங்க மட்டும் சொன்னீங்களா? மறந்துட்டு யாவாரத்துல எறங்கிட்டீங்கன்னு நெனச்சேன்." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அன்னிக்கு மாட்டுக்கொட்டாயில நீங்க அழுதது எனக்குக் கேட்டுதுங்க. என் ஆசதான உங்கள அப்படி அழ வெச்சிது? அத்த அறுத்துப்போட்டா நீங்க நிம்மதியா இருப்பீங்கன்னுதான்..."

நயினார் கத்தினார். ஜாக்கியின் கைப்பிடியைத் தூக்கி வீசினார். பிறகு அவள் காலடியில் உட்கார்ந்து கெஞ்சினார். "மாதாஜி எங்க இருந்தாலும் தேடிப் புடிச்சி கேக்கறேன். எதுனா பரிகாரம் சொல்லுவாங்க."

"சொல்லத்தான் சொல்லுவாங்க. அப்பறம் நான் எடுத்தது விரதமாங்க?"

அவளும் லேசுப்பட்டவள் இல்லை, அவருக்கு வாய்த்த பெண்டாட்டிதானே. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. பஸ் வாசலிலேயே கிடந்தது. அபிஷேகத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவளே கூப்பிட்டுச் சொன்னாள்.

"தாமல் வரைக்கும் தடையில்லியேங்க. ஒரு வாட்டி போயிட்டு வரலாம்."

சாமுவேல் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான். ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம், பெங்களூர் ரோட்டோரம் நிறுத்தியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ஜாக்கியைத் தொட நயினார் அவனை விடவில்லை. மூலைக்கு மூலை குனிந்து, வேட்டியெல்லாம் மண்ணாகத் தானே திருகினார். படுதாவைத் தூக்கிக் கம்பு கொடுத்தார். அடுப்பு மூட்டி அவளுக்குக் கஞ்சி வைத்து ஊட்டினார்.

"மட்டமா இருக்குதா மாலினி?"

"நல்லாருக்குதுங்க."

மெட்ராஸ் பக்கமிருந்து பஸ்கள் வந்துகொண்டே இருந்தன. முன்னால் மஞ்சள் கொடி கட்டி, ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக நெருக்கியடித்துக்கொண்டு, கோமடேஸ்வரருக்கு ஜே போட்டபடி மேற்கே போனார்கள். ஒரு பஸ்ஸிலிருந்து யாரோ ஒரு பெண் இவர்களைப் பார்த்துக் கையாட்டி, "வண்டி ரிப்பேராம்மா? எங்க கூட வந்துடுங்களேன்!" என்று கூவினாள். ஜ்வாலாமாலினி படுத்தபடியே கை கூப்பினாள். பஸ் ஏரி வளைவில் திரும்பி மறைகிற வரைக்கும் கையை இறக்கவில்லை.

முன்பே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று நயினார் தன்னையே திட்டிக்கொண்டார். அடுத்த பஸ்ஸின் ஹாரன் தூரத்தில் கேட்டது.

"என்னாங்க," என்றாள் அவள். "அந்தப் படுதாவ எறக்கி வுட்டுடுங்க."

"வெயில் அடிக்குதா?"

"இல்ல. பாத்துக்கினே இருந்தா, மறுபடியும் போவணும் போல இருக்குதுங்க."

அவர் வெளியே போய்க் கம்பை எடுத்தார்.