எண்பது சொற்களில் ஓர் ஆளுநர்

ஏழாவது முறையாகவும் வாசகம் திரும்பி வந்திருந்தது. ஓரத்தில் சிவப்பில் ஒரே வரி: "இன்னும் பாசிட்டிவாக."

ஜெயபாரதி லேப்டாப்பை மூடிவிட்டுச் சமையலறையில் போய்ச் சும்மா நின்றாள். துபாயில் கண்காட்சி அரங்குகள் அமைத்துத் தரும் கம்பெனி ஒன்றில் வாசகங்கள் எழுதுவது அவள் வேலை. இந்த முறை ஒரு தனியார் அரங்கில், பழைய ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம் ஆளுநர்களைப் பற்றிய கண்காட்சி. ஆளுக்கொரு பலகை, பலகைக்கு எண்பது ஆங்கிலச் சொற்கள். மற்றவர்களெல்லாம் முடிந்துவிட்டார்கள். சம்ஹ் இப்னு மாலிக் மட்டும் முடிவதாயில்லை.

அவர் 719இல் ஆளுநராக வந்தவர். அப்போது தலைநகர் கோர்தோபாவில், ஆற்றின் மேல் ரோமானியர் கட்டிய பாலம் இடிந்து கிடந்தது. நகர மதிலும் ஒரு பக்கம் சரிந்திருந்தது. எதைச் சரிசெய்வது என்று டமாஸ்கஸிலிருந்த கலீபாவுக்கு எழுதிக் கேட்டார். மதில் கல்லை எடுத்துப் பாலத்தைக் கட்டு, மதிலைச் செங்கல்லால் அடை என்று பதில் வந்ததாம். அப்படியே செய்தார். இரண்டே ஆண்டில், இன்றைய பிரான்சிலுள்ள துலூஸில் நடந்த போரில் தோற்று இறந்தும் போனார்.

இதில் எதை விடுவது?

அரங்கத்தின் மேலாளர் ரிஷிக்கு போன் செய்தாள். துபாயிலேயே வளர்ந்த பையன்.

"ஜெயா, தோத்தாருன்னு போட்டா டவுனா இருக்கு. செவுத்த இடிச்சாரு, அதுவும் நெகட்டிவ்."

"இடிக்கல ரிஷி. ஏற்கெனவே விழுந்த செவுரு. அந்தக் கல்லத்தான் எடுத்தாரு."

"பீப்பிளுக்கு அதெல்லாம் வேணாம். பெரிய பாலம் கட்டினாரு, நல்லா ஆண்டாரு. ஃபினிஷ். நானே எடிட் பண்ணிடறேன்."

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மதியம் அவள் அரங்குக்குப் போனபோது பலகை சுவரில் ஏறியிருந்தது. பாலத்தைக் கட்டியவர் சம்ஹ் என்றே எழுதியிருந்தது. ரோமானியர் காணாமல் போயிருந்தார்கள். அவளுக்குக் காது மடல் சூடேறியது.

பலகைகளைப் பொருத்திக்கொண்டிருந்தவர் பன்னீர்செல்வம். ஊர் புதுக்கோட்டைப் பக்கம், அங்கே கொத்தனாராக இருந்தவர். இப்போது சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறார்.

"என்ன மேடம், கோணலா இருக்கா?"

"பலகை நேராத்தான் இருக்குண்ணே. எழுத்துதான் கோணல்."

அவர் விடாமல் கேட்கவே, முழுக் கதையையும் சொன்னாள். அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார்.

"மதில் கல்ல எடுத்துட்டா, எவனாச்சும் படையெடுத்து வந்தா என்னா பண்றது?"

"அதனாலதான் தானா முடிவு பண்ணாம கேட்டிருக்காரு."

"செங்கல்லு வச்சு அடச்சிட்டாங்கல்ல? அப்பச் சரி. ஆத்தத் தாண்டுறதுக்குக் கல்லுதான் நிக்கும்." ஒரு கணம் யோசித்தார். "அப்ப இவரு கட்டலயே மேடம். பழுது பாத்தாருன்னுல்ல போடணும்?"

மூன்று வாரத்தில் இதை அவளிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

வேலை முடிந்ததென்று அவள் கையெழுத்திட வேண்டிய தாளோடு ரிஷி வந்தான்.

"நான் போட மாட்டேன்," என்றாள். "நாளைக்கு வர்ற ஸ்கூல் பிள்ளைங்களே சிரிப்பாங்க. அது ரோமானியர் பாலம்."

"நாளைக்கு ஓப்பனிங், ஜெயா! ரீபிரிண்ட்டுக்கு டைம் இல்ல. கலாஸ், முடிஞ்சு போச்சு."

"பிரிண்ட் வேணாம் சார்," என்றார் பன்னீர்செல்வம், ஏணியிலிருந்தபடியே. "இங்கிலீஷ்ல 'பில்ட்'டுக்கு முன்னாடி ரெண்டெழுத்து சேத்தா 'திரும்பக் கட்டுனாரு'ன்னு ஆயிரும்னு மேடம் சொன்னாங்க. ஸ்டிக்கர் எழுத்து நம்மகிட்டயே இருக்கு."

ரிஷி கடிகாரத்தைப் பார்த்தான். "ரெண்டெழுத்துதானே? போடுங்க. அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது."

பன்னீர்செல்வம் மூச்சைப் பிடித்துக்கொண்டு 'ஆர்', 'ஈ' இரண்டையும் ஒட்டினார். முந்தைய சொல்லோடு நெருங்கி நின்றன. உற்றுப் பார்த்தால் தெரியும்.

"துலூஸ்ல செத்ததையும், மதில் கல்லயும் எங்க ஒட்டுறது மேடம்?"

"அதுக்கு விடமாட்டாங்கண்ணே."

"அப்ப இம்புட்டுத்தானா?"

அவள் ரிஷியின் பக்கம் திரும்பினாள். தாளை வாங்கி, பேனா கிழித்துவிடும் போல அழுத்தி, கையெழுத்துப் போட்டாள்.