ராணி சொன்ன ஆமென்

எலியாவுக்குப் பாட்டு வந்தது தனுவச்சபுரம் பக்கத்து மிஷன் கோயிலில். ஏழு வயதில் கீர்த்தனை பாட முன்னால் நிறுத்தினார்கள். பதினெட்டு ஆகியும் குரல் உடையவில்லை. சபை அதை ஆண்டவர் கிருபை என்றது. பாறசாலையில் கொட்டகை போட்டிருந்த நாடகக் கம்பெனியின் பொன்னம்பலம் வாத்தியாரோ, "இது ஸ்திரீபார்ட் தொண்டை" என்று அவனைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அப்பாவுக்குத் தெரியாமல் சில மாதம் தோழி வேஷம் கட்டினான். திருவிதாங்கூரை ஆண்ட மூலம் திருநாள் மகாராஜா நாடகத்தைத் தடுக்கவில்லை, சபை தடுத்திருந்தது. மேடை ஏறினால் சபைவிலக்கு. அப்பா சுந்தரதாஸ் சபைக் கமிட்டி ஆள், கேட்க வேண்டுமா? ஊரில் பேச்சு அடிபட்டதும் மகனைக் கூப்பிட்டார்.

"எலே, நீ வேசம் கெட்டுதேண்ணு சபையில சாட்சியோட தெளிஞ்சா, பின்ன இந்த வீட்டு நடை மிதிக்காண்டாம். கேட்டியா?"

எலியா பயந்து நிறுத்தத்தான் இருந்தான். அந்த வாரம் பார்த்து ராணி வேஷக்காரருக்குப் பொன்னுக்குவீங்கி வந்து கன்னம் இரண்டும் உப்பிவிட்டன. வாத்தியார் அவன் காலில் விழாத குறை.

"பாட்டு எல்லாம் உனக்குத் தெரியும் மக்கா. முடிஞ்ச உடனே வாய மூடிக்கோ. மற்றதச் சொல்லிராத."

மற்றது என்றால் ஆமென். கோயிலில் வளர்ந்தவனுக்கு அதைச் சொல்லாமல் எந்தப் பாட்டும் முடியாது. ஒத்திகையில் அதற்காகவே குட்டு வாங்கியிருக்கிறான்.

அன்று கொட்டகை நிறைந்திருந்தது. புருஷன் காட்டில் விட்டுவிட்டுப் போன ராணி புலம்புகிறாள். தன்னையும் வீட்டைவிட்டுத் துரத்துவார்களே என்று நினைத்ததும் எலியாவுக்கு நிஜமாகவே அழுகை பொங்கியது. கண்ணை மூடிக்கொண்டு கடைசி அடியை இழுத்து இறக்கி, "ஆமென்" என்றான்.

வாத்தியார் ஆர்மோனியத்தின்மேல் கவிழ்ந்துகொண்டார். அதைவிடப் பெரிய கூத்து கீழே நடந்தது. பின்வரிசையில் தலைவழியே துண்டைப் போட்டு முகத்தை மறைத்திருந்த ஒரு பெருங்கூட்டம், பழக்க தோஷத்தில், கணீரென்று "ஆமென்" என்றது. கோயிலில் ஒருநாளும் இந்த ஒற்றுமையைப் பார்த்ததில்லை. முன்வரிசையில் இருந்த சர்க்கார் கச்சேரி உத்தியோகப் பிள்ளைமார் மொத்தமாகத் திரும்பிப் பார்த்தார்கள். துண்டுகள் இன்னும் கீழே இறங்கின.

தூண் பக்கமிருந்து வந்த கட்டைக்குரல் யாருடையது என்று எலியாவுக்குத் தெரியும். தினமும் வீட்டு ஜெபத்தில் கேட்கிற குரல்தான்.

"ஒன்ஸ்மோர்!" என்று பிள்ளைமார் கூவினார்கள். "ஆமெனையும் விடாதே பிள்ளே!"

பாடினான். வேறென்ன செய்வான்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ராபின்சன் உபதேசியார் விஷயத்துக்கு வந்தார். பாவம், ஊரிலேயே நாடகம் பார்க்காதவர் அவர் ஒருத்தர்தான்.

"எலியா வேசம் கெட்டினதாக் கேள்வி. வேதப்படி ரெண்டு சாட்சி வேணும். கண்ணால கண்டவங்க எழும்புங்க."

எப்படி எழும்புவார்கள்? கண்டேன் என்றால் கொட்டகையில் இருந்தேன் என்று ஆகிவிடுமே. ஆண்கள் எல்லோரும் அவரவர் கால் பெருவிரலை ஆராய்ந்தார்கள். எலியாவுக்குப் போன உயிர் திரும்பியது.

அப்போது சுந்தரதாஸ் எழுந்தார்.

"நான் கண்டேன்."

வீடு போயிற்று என்று எலியா நினைத்தான்.

"ரெண்டு தடவ பாடினான். ரெண்டும் கேட்டேன்," என்றார் அப்பா. "எனக்க பிள்ள இத்தற நல்லாப் பாடினத நான் கேக்கல்லேண்ணு கள்ளம் சொல்ல வாய் வரல்ல உபதேசியாரே."

உபதேசியார் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "சாட்சி ஒண்ணுதான் உண்டு. அப்போ இது நிக்காது…"

பெண்கள் பக்கமிருந்து அம்மா ஞானபாய் எழுந்தாள்.

"நானும் கண்டேன். அவன் உடுத்திருந்தது எனக்க கலியாணச் சேலையாக்கும். கொசுவம் பிடிச்சுக் குடுத்ததும் நான்தான்."

சுந்தரதாஸ் வாய் பிளந்து பெண்டாட்டியைப் பார்த்தார்.

மூன்று பேரையும் ஈஸ்டர் வரை விலக்கிவைத்தார்கள். வெளியே வந்ததும் எலியா வீட்டுப் பக்கம் திரும்பப் பயந்து மரத்தடியில் நின்றுவிட்டான். அப்பா கொஞ்சதூரம் போய்த் திரும்பி வந்து அவன் கையைப் பிடித்தார்.

"வீட்டுக்கு வாலே. அந்தக் கடைசி அடிய எப்பிடி இழுத்தே? எனக்கு ஒண்ணு பாடிக் காட்டு."