ட்வைலாவுக்கு ஒரு பாடம் பாக்கி

விச்சிடா விமானம் கட்டுகிற ஊர். அதைச் சுற்றி எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் விமானக் கம்பெனியில் வேலை பார்க்கிற யாராவது ஒருத்தர்தான் வந்து திறப்பார். ட்வைலா உன்ரூவின் வீடும் அப்படித்தான். விச்சிடாவுக்கு மேற்கே, கோதுமை வயல்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். அவளுக்கு இருபத்திரண்டு வயது. காலையில் இரண்டு வருஷக் கல்லூரி, சாயங்காலம் விமான இறக்கைக்குத் தகடு அடிக்கிற வேலை. கல்லூரி முடிந்துவிட்டது. இனி ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறி, நேராக மூன்றாம் வருஷத்தில் உட்கார்ந்து, விமானப் பொறியியலை முடிக்க வேண்டும். இரண்டு இடத்தில் கிடைத்திருந்தது. ஒன்று விச்சிடாவிலேயே. இன்னொன்று எங்கேயோ மேற்கே, கடலோரத்தில். ஜூன் முதல் தேதிக்குள் ஒன்றுக்குச் சரி சொல்லியாக வேண்டும்.

இதில் மண்டையை உடைத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்பீர்கள். கார்பின் ஷ்ராக் இருக்கிறானே!

தகட்டுக்கு இந்தப் பக்கம் நின்று ரிவெட் ஆணி அடிக்கிறவன் கார்பின். அந்தப் பக்கம் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்கிறவள் ட்வைலா. நடுவில் அலுமினியம். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. காதில் அடைப்பு வேறு, கத்தினாலும் கேட்காது. தகட்டைத் தட்டித்தான் பேச்சு. ஒரு தட்டு, இன்னும் அடி. இரண்டு தட்டு, போதும், நல்லா இருக்கு. மூன்று தட்டு, கெட்டுப்போச்சு, துளைத்து எடு. இப்படித் தட்டித் தட்டியே அந்தப் பெண்ணின் மனசு அவன் பக்கம் போய்விட்டது. கல்லூரியிலும் அவன்தான் பக்கத்து இருக்கை. இவள் பென்சிலை வாங்கி, கடித்து, திருப்பிக் கொடுப்பான். அதைச் சீவாமல் வைத்திருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து யாரிடமும் சொன்னதில்லை. அவனிடமும்தான்.

போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் கார்பின் சொன்னான். "இயக்கவியல் இப்ப வேணாம்ப்பா. ஷிஃப்ட்டோட இடிக்குது. வசந்த செமஸ்டர்ல எடுத்துக்கறேன்." அன்றைக்கே ட்வைலாவும் அந்தப் பாடத்திலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டாள். சேர்ந்து உட்காரலாமே என்றுதான். வசந்தம் வந்தது. சேர ஆள் போதவில்லை என்று கல்லூரி அந்த வகுப்பையே ரத்து செய்துவிட்டது.

மே மாதக் கடைசியில், வேறு இடத்துக்கு மாறிப் போகிற பிள்ளைகளுக்கு வழி சொல்கிற திருமதி ஹீபர்ட் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இங்க பாரு கண்ணு. இயக்கவியல் முடிச்சாத்தான் காற்றியக்கவியல். அது முடிச்சாத்தான் அதுக்கு மேல. கடலோரத்துல ஒவ்வொண்ணையும் வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடத்துவாங்க. ரயில் பெட்டி மாதிரி, ஒண்ணு கழண்டா பின்னாடி அத்தனையும் நின்னுடும். கடலோரத்துக்காரங்க வசந்தத்தோட முடிச்சதைத்தான் கணக்குல எடுப்பாங்க. அங்க போனா உனக்கு மூணு வருஷம்."

"விச்சிடாவுல?"

"இந்தக் கோடையிலயே அவங்ககிட்டயே எடுத்துடலாம். ரெண்டே வருஷம். விமான மாடலுக்குக் காத்தடிச்சுச் சோதிக்கற நல்ல காற்றுச் சுரங்கம் வெச்சிருக்காங்க, உள்ள விட்டு வேலை வாங்குவாங்க. ஆமா, உனக்கு ஏன் கடலோரம்? கடல் பாக்கணுமா?"

"பாத்ததே இல்ல மேடம்."

"ரெண்டு வாரம் லீவு போட்டுப் போய்ப் பாத்துட்டு வா. அதுக்கு ஒரு வருஷத்தைக் குடுப்பியா?"

ட்வைலா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கொடுப்பாள். கார்பின் அங்கேதான் போகிறான். அவனுக்கு எப்படி வழி திறந்தது என்பது மட்டும் அவளுக்குப் புரியவில்லை. வகுப்புதான் நடக்கவே இல்லையே?

அந்த ஞாயிற்றுக்கிழமை கார்பின் சாப்பிட வந்தான். ட்வைலாவின் அம்மா லோரீன் பீன்ஸும் கறியும் போட்ட காரக் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றி, பக்கத்தில் தட்டு நிறைய, இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டிச் சுருள் வைத்தாள். ஊர் வழக்கப்படி கார்பின் சுருளைக் குழம்பில் முக்கினான்.

"இது அங்க கிடைக்காதுடா," என்றாள் லோரீன். "அங்க எல்லாம் மீனுதான். நம்ம வீட்டுலயும் ஒருத்தி மீன் பிடிக்கப் போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா."

"அம்மா, சும்மா இரு."

"நான் என்னடி சொன்னேன்? எந்த மீனுன்னா சொன்னேன்?"

கார்பினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னொரு சுருளை எடுத்துக்கொண்டான்.

"வாயேன் ட்வைலா, ஜாலியா இருக்கும்," என்றான்.

"எனக்கு இயக்கவியல் இல்லையே. உனக்கு மட்டும் எப்படி?"

"வேற ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் வழியா எடுத்தேன், பிப்ரவரியில. சொல்லலையா? நீதான் இலையுதிர்லயே முடிச்சிட்டியே."

"முடிக்கல. நீ வசந்தத்துல எடுக்கலாம்னு சொன்னே."

"நான் எடுக்கறேன்னு சொன்னேன். உன்னை விடச் சொன்னேனா?"

கேலியாகக்கூடச் சொல்லவில்லை, பாவம். நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டான். லோரீன் எழுந்து போய், ஏற்கனவே கழுவி வைத்திருந்த பாத்திரத்தை மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

"பரவால்ல, நீ வா," என்றான் கார்பின். "ஒரு வருஷம் லேட்டானா என்ன? என் பழைய நோட்டெல்லாம் உனக்குத்தான்."

ட்வைலா குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். இத்தனை மாதமாகக் கடலோரம் என்றால் பக்கத்துப் பக்கத்து இருக்கை என்றே நினைத்திருந்தாள். இப்போதுதான் சரியாகத் தெரிந்தது. அவன் முன்னே ஒரு கட்டிடத்தில் படிப்பான். இவள் பின்னால், அவன் படித்து முடித்த பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருப்பாள். இவள் வந்து சேருவதற்குள் அவன் வேலை கிடைத்து எங்கேயோ போயிருப்பான். அவனுக்காக இவள் ஒரு வருஷத்தைக் கொடுத்தாள் என்பதே அவனுக்குத் தெரியாமல்.

ஆனாலும் ஆசை அவ்வளவு லேசில் விடுமா? மே முப்பத்தொன்றாம் தேதிவரை இரண்டு பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தையும் திறந்து திறந்து மூடினாள். கடலோரத்துப் பக்கத்தில் மூடுபனியில் நிற்கிற மரங்களைப் பார்த்தால் மூட மனசு வரவில்லை. கடைசியில், வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், ஒரு காலில் ஷூவோடு நின்றபடி விச்சிடாவுக்குச் சரி சொன்னாள். உட்கார்ந்து யோசித்தால் கை வேறு பக்கம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

கார்பின் கிளம்பிய அன்றைக்குத்தான் அவளுக்குக் கோடை வகுப்பு தொடங்கியது. அவன் முன்னாலேயே போய்த் தங்க இடம் பார்க்க வேண்டுமாம். பிக்கப் வண்டியில் மெத்தையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"சரி, பாப்போம்," என்றான்.

"கார்பின், ஒண்ணு சொல்லணும். அந்தப் பாடத்தை உன்னோட சேந்து படிக்கத்தான் விட்டேன்."

அவன் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தான். சுழற்றுவது நின்றது.

"ஏன் அப்பவே சொல்லல?"

"சொல்லியிருந்தா?"

"தெரியல," என்றான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "எடுத்திருப்பேன்னு நினைக்கறேன். உன்கூட," என்றான்.

அவன் முகத்தை இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நேரம் அவள் பார்த்ததே இல்லை. போகாதே என்று சொல்லலாம். ஒரு சொல்தான். அவனுக்கு எல்லாப் பாடமும் முடிந்திருக்கிறது, எல்லா ரயில் பெட்டியும் வரிசையாகக் கோத்திருக்கிறது. அதைப் போய் எப்படிக் கழற்றுவது?

"வெயில் சாயறதுக்குள்ள கொலராடோ மாநில எல்லையைத் தாண்டு," என்றாள். "மெத்தை சரியா கட்டலை, பின்னாடி தொங்குது பாரு."

இருவருமாகக் கயிற்றை இறுக்கிக் கட்டினார்கள். அவன் மேற்கே போனான். அவள் கிழக்கே, விச்சிடாவுக்கு. ஒன்பது மணிக்கு இயக்கவியல். காலை வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினாள், மறுபடி துடைத்தாள், வகுப்புக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தாள்.