சில்வர் அடித்த கொக்கிகள்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கம்பெனியைக் கழுவிவிட்டு எல்லோரும் கிளம்பிய பிறகு, கொக்கிகளைச் சுத்தம் செய்யும் வேலை மட்டும் எனக்கு மிச்சமிருந்தது. மொத்தம் நூற்று முப்பது கொக்கிகள். எல்லாம் கரியும் பொருக்கும் ஏறி, காய்ந்த முருங்கைக்காய் மாதிரி இருந்தன.

சூலூரில் எங்களுடையது பவுடர் கோட்டிங் போடும் சின்னக் கம்பெனி. இரும்புச் சாமான்களைத் தொட்டியில் கழுவி, கொக்கியில் மாட்டி, தலைக்கு மேல் நகரும் சங்கிலியில் தொங்கவிடுவோம். அந்த வேலை எனக்கும் பூவாத்தாள் அக்காவுக்கும். சங்கிலி நகர்ந்து போய் ஜபருல்லா அண்ணன் முன்னால் நிற்கும். அவர் ஸ்ப்ரே கன்னால் பவுடர் அடிப்பார். கோலமாவு போல உலர்ந்த பவுடர்தான். ஆனால் கன்னை விட்டு வரும்போதே அதில் கரண்ட் ஏறியிருக்கும். இரும்பைப் பார்த்ததும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் இருநூறு டிகிரி அடுப்பில் உருகி ஒரே தோலாகிவிடும். பிரஷ்ஷால் அடித்த பெயிண்ட் போல அது சுலபத்தில் உரியாது.

கொக்கியிலும் பவுடர் பட்டுப் பொருக்குத் தட்டும். சனிக்கிழமை தோறும் நானும் அக்காவும் கொக்கியின் இரண்டு நுனிகளையும் அரத்தால் தேய்த்து வைப்போம். எதற்காகத் தேய்க்கிறோம் என்று இரண்டு வருடத்தில் நான் ஒருமுறையும் கேட்டதில்லை. கேட்பது எனக்கு வராது. நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால், சொல்ல வந்ததை முழுங்கிவிடுவேன்.

அன்றைக்கு முப்பது கொக்கி தேய்த்ததும் கை எரிந்தது. மூலையில் வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சில்வர் பெயிண்ட் அரை டப்பா இருந்தது. பூஜை என்றால் லேத்துக்கும் பெயிண்ட் அடிக்கிறார்கள், வண்டிக்கும் அடிக்கிறார்கள். கொக்கி என்ன பாவம் செய்தது? தேய்த்தவற்றையும் சேர்த்து, நுனி முதல் நுனி வரை ஓர் இடம் விடாமல் அடித்தேன். கடைசிப் பதினோரு கொக்கிக்குப் பெயிண்ட் போதவில்லை. அந்தக் கறுப்பர்களைக் கூடையின் அடியில் போட்டு மறைத்தேன்.

மறுநாள் பூஜைக்கு வந்த முதலாளி பாலகோபால் சார் கொக்கிகளைப் பார்த்துவிட்டு அசந்து நின்றார்.

"ஏனுங் பூவாத்தா, இத்தனையும் யாரு தேச்சது? புதுசாட்டம் மின்னுது."

"நம்ம ரூத்துதானுங். பேசாமயே இருந்து பெரிய வேலை செஞ்சுபோட்டா பாருங்."

தேய்க்கவில்லை, பெயிண்ட்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சார் அரைக் கிலோ மைசூர்பா டப்பாவை என் கையில் வைத்துவிட்டார். எல்லோருக்கும் கால் கிலோ, எனக்கு மட்டும் அரைக் கிலோ. வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வேலை தொடங்கியது. வெள்ளகோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஊஞ்சல்களும் ராட்டினமும். போன வருடம் பெயிண்ட் அடித்து நட்டவை உரிந்து, துருப்பிடித்து, பிள்ளைகளின் உள்ளங்கையைக் கிழித்ததால் இந்த முறை பவுடர் கோட்டிங்தான் வேண்டும் என்று எங்களிடம் வந்திருந்தார்கள். மஞ்சளும் சிவப்பும். திங்கட்கிழமை காலை லாரி ஏற வேண்டும்.

ஜபருல்லா அண்ணன் கன்னை எடுத்தார். பவுடர் பறந்தது. ஆனால் ஒட்டவில்லை. கொஞ்சம் ஒட்டியதும் மேற்கொண்டு வந்தது பொலபொலவென்று கீழே கொட்டியது. அடுப்பிலிருந்து வெளியே வந்த ஊஞ்சல் சட்டத்தில் இங்கே மஞ்சள், அங்கே வெறும் இரும்பு. தேமல் விழுந்த முதுகு மாதிரி.

அண்ணனுக்கு இந்த வேலையில் இருபத்திரண்டு வருடம். கோயமுத்தூர் கோட்டைமேட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் ஒரே கனத்தில் விழும் என்பார்கள். கன்னைக் கழற்றித் துடைத்தார். மழை ஈரமோ என்று பவுடரை மாற்றினார். கம்ப்ரஸரில் தண்ணீர் வடித்தார். சட்டத்தில் சேரும் கரண்ட் தரைக்கு இறங்கினால்தான் பவுடர் ஒட்டும் என்று, சங்கிலிக்குப் போகும் எர்த் வயரையும் சோதித்தார். எல்லாம் சரியாகவே இருந்தன.

"பொரியில கடலைய மட்டும் பொறுக்கித் தின்னீங்கல்ல பாய், அதான்" என்றாள் பூவாத்தாள் அக்கா.

அண்ணன் சிரிக்கவில்லை. எப்போதும் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறவர். அக்காவே முகம் மாறி, ஒரு சட்டத்தை இறக்கப் போனாள். தொட்டதும் கையை உதறினாள்.

"ஆத்தாடி, சுரீர்ங்குது. இரும்புல கரண்ட் நிக்குது பாருங்."

சனிக்கிழமை மதியத்துக்குள் நாற்பது சட்டம் வீணாகி, மறுபடி தொட்டிக்குப் போயின. அரத்தை எடுக்கும் நாள் அது. அக்கா கொக்கிகளைப் பார்த்துவிட்டு, "இதுல தேய்க்க என்ன கெடக்கு" என்று அரத்தை ஓரமாக வைத்துவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் சார், அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். திட்டுகிற ஆள் இல்லை அவர். அதுவே இன்னும் கஷ்டமாக இருந்தது.

"பாய், தப்பா நெனைக்காதீங்க. சரவணம்பட்டியில ஒரு பையன் இருக்கானாமா. நாளைக்கி வந்து அடிச்சுக் குடுத்துட்டுப் போகட்டும்."

"வரச் சொல்லுங்க மொதலாளி. ரெண்டு நாளாவே எனக்குத் தெரியுது, கையி போச்சு. நாளையிலருந்து நான் தொட்டியில சாமான் கழுவுறேன்."

சொல்லிவிட்டு முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சோற்று டப்பாவைத் திறக்கவில்லை.

எனக்கும் சோறு இறங்கவில்லை. சரியாக வந்த சட்டங்களைத் தனியே அடுக்கி வைத்திருந்தோம். போய் எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. இன்னொரு தடவை எண்ணினேன். பதினொன்றேதான்.

கூடையின் அடியிலிருந்த கறுப்பர்களை நான்தான் சங்கிலியின் கடைசியில், கண்ணில் படாத இடத்தில் மாட்டி வந்தேன். போன சனிக்கிழமை தேய்த்த நுனியோடு இருந்த அவற்றில் தொங்கியவை மட்டும் நன்றாக வந்திருக்கின்றன. சில்வர் பூசிய கொக்கியில் தொங்கியது எல்லாம் தேமல்.

சங்கிலி வரைக்கும் எர்த் சரி. சட்டத்தில் கரண்ட் நிற்கிறது. நடுவில் இருப்பது கொக்கி. கொக்கியின் மேல் இருப்பது, கரண்டை இறங்க விடாத என் பெயிண்ட். அதனால்தான் சனிக்கிழமை தோறும் நுனியைத் தேய்த்தோம்.

அண்ணனின் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொல்ல வேண்டும். சொன்னால், தேய்க்காமல் தேய்த்ததாகப் பேர் வாங்கியதும் நாற்பது சட்டம் வீணானதும் யாரால் என்று தெரிந்துவிடும். ராத்திரி ஒரு காகிதத்தில் எழுதி, காலையில் அவர் சோற்றுப் பையில் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அதற்குள் சரவணம்பட்டி ஆள் வந்து நிற்பான். அவன் முன்னால் அண்ணன் தொட்டியில் கைவிட்டு நிற்பார்.

ஹேக்சா பிளேடை எடுத்தேன். ஒரு கொக்கியின் இரண்டு நுனியையும் இரும்பு தெரியும்வரை சுரண்டினேன். கழுவிய சட்டம் ஒன்றை அதில் மாட்டி அண்ணனுக்கு முன்னால் தள்ளினேன்.

"அண்ணா."

அவர் திரும்பவில்லை. அவருக்குக் கேட்கவில்லை. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அண்ணா, இதொண்ணு மட்டும் அடிங்க."

பூவாத்தாள் அக்கா வாயில் வைத்த உருண்டையோடு நிமிர்ந்தாள். "ரூத்து பேசறா. மழ வரப்போகுது."

அண்ணன் என்னையே பார்த்தார். என்ன தோன்றியதோ, முகமூடியை எடுத்து மாட்டினார். கன்னைப் பிடித்தார்.

பவுடர் போனது. போனது என்றால், அழைத்ததுபோல் போனது. முன்பக்கம் மூடி, விளிம்பில் வளைந்து, அவர் குறிவைக்காத பின்பக்கத்தையும் போய்ச் சுற்றிக்கொண்டது. கீழே ஒரு பொட்டுக்கூடக் கொட்டவில்லை. அண்ணன் கன்னை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார். பிறகு ஒரு குழந்தையைத் திருப்புவது போல மெதுவாகச் சட்டத்தைக் கொக்கியோடு திருப்பினார். எல்லாப் பக்கமும் மஞ்சள்.

"என்ன செஞ்ச புள்ள?"

"கொக்கியச் சுரண்டினேங்க. அது... சில்வர் பெயிண்ட்டுங்க. நாந்தான் அடிச்சேன். முப்பதுக்கு மேல தேய்க்கலீங்க."

சார் பக்கத்தில் வந்து ஒரு கொக்கியை எடுத்து நகத்தால் கீறினார். வெள்ளியாக ஒரு சுருள் எழும்பியது. அதை விரலில் உருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "மைசூர்பா திருப்பித் தர முடியாதுங்க சார். தின்னுபோட்டேன்" என்றேன்.

முதலில் சிரித்தது ஜபருல்லா அண்ணன்தான். முகமூடிக்குள்ளேயே சிரித்து, மூச்சு முட்டி, அதைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங் கையி போச்சுன்னு நேத்து எம் பொண்டாட்டி பாத்திமுத்துகிட்ட அழுதேன். அவ மூணு எண்ணெய் காய்ச்சித் தேச்சுவிட்டா. சட்டையெல்லாம் நாறுது, மோந்து பாருங்க மொதலாளி."

"அதான பாத்தேன், காலையிலருந்து எண்ணெச் செக்குப் பக்கத்துல நிக்கற மாதிரி இருந்துச்சு" என்றாள் அக்கா.

"நாமளும் பாக்கலையே பாய்" என்றார் சார். "மின்னுதுன்னு பாத்ததோட சரி." சரவணம்பட்டி ஆளுக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொன்னார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஓர் அரத்தை எடுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நாப்பது சட்டத்துக்கு உனக்கு என்ன தண்டனை தெரியுமா கண்ணு? இனிமே எதுக்கு, ஏன்னு தெனமும் ஒரு கேள்வி கேக்கோணும்."

அது பெரிய தண்டனைதான். மிச்சமிருந்த நூற்றுப் பதினெட்டு கொக்கிகளை நாலு பேரும் சுரண்டினோம். சாயங்காலம் அண்ணன் சோற்று டப்பாவைத் திறந்தார். சோறு ஆறிப்போயிருந்தது. வழித்துத் தின்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் ஆராதனை முடிந்ததும் நேரே கம்பெனிக்கு வந்தேன். அண்ணன் பாட்டு முனகியபடி அடித்துக்கொண்டிருந்தார். மதியத்துக்கு மேல் கடைசிச் சட்டமும் அடுப்பை விட்டு வந்தது. ஆறியதும் ஐந்து ரூபாய் நாணயத்தால் அழுத்திக் கோடு இழுத்துப் பார்த்தார். நாணயம்தான் வழுக்கியது.

"ஏறி உக்காந்தா தாங்குமான்னு பாக்க வேண்டாமா?" என்று அக்கா கேட்டாள். வாசலில் ஓர் ஊஞ்சலை நிறுத்தினோம். முதலில் அக்காவே ஏறினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலை நீட்டி, ஐம்பது வயதை மண்ணில் போட்டுவிட்டு ஆடினாள். அவள் இறங்கியதும் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். மஞ்சள் கம்பி கைக்கு வழவழவென்று, லேசான சூட்டோடு இருந்தது.

அண்ணன் பின்னாலிருந்து தள்ளினார்.

"கேள்வி கேட்டியா இன்னிக்கி?"

"இல்லீங்க."

"கேளு."

ஊஞ்சல் மேலே போனது. ஏர்போர்ஸ் பக்கமிருந்து ஒரு விமானம் தாழப் பறந்து வந்தது. அதன் வயிற்றின் சாம்பல் நிறம் துளி உரியாமல் இருந்தது.

"அண்ணா, அதுக்கு என்ன பூசுவாங்க?"

விமானச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை கத்தினேன்.