ஒட்டிப் பழகியவர்கள்

முன்பெல்லாம் தோல் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் நகரத்துக்குப் போய் ஒரு நாள் முழுக்கத் தவம் கிடக்க வேண்டும். அதற்குச் சொறிந்துகொள்வதே மேல் என்று அந்த வரிசை வீட்டுக்காரர்கள் காலத்தை ஓட்டினார்கள். இப்போது சிஸ்டர் ஒருத்தி களிம்புப் பையோடு வாசலுக்கே வருகிறாள்.

காஜாக்காவின் விரலிடுக்கைப் பார்த்ததுமே சிரங்கு என்று சொல்லிவிட்டாள் சிஸ்டர். சட்டைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுத்துத் தனியாகப் பிழைப்பவளுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் வேண்டுமே.

"இது தானா வராதுக்கா. ஒட்டிப் பழகினாத்தான் வரும். அவங்களும் அதே நாள்ல பூசணும், இல்லன்னா திரும்ப வந்துடும். யாரு கூடப் பழகுறீங்க?"

"என்கூட யாரு பழகப் போறா?" என்றாள் காஜாக்கா. பச்சைப் பொய்.

பக்கத்து வீட்டுக்காரி கம்பெனி வேலைக்குப் போகும்போது கைக்குழந்தையை இவளிடம்தான் விட்டுப் போவாள். இப்போதும் அவன் உள்ளேதான் தூங்கிக்கொண்டிருந்தான். இவள் மார்மேல் கவிழ்த்துப் போட்டால்தான் அந்தத் தடியனுக்குக் கண் சொருகும். துணி மலையாய்க் குவிந்து கிடந்தாலும் காஜாக்கா அசைய மாட்டாள். அவளைத் தொடுகிற உயிர் உலகத்தில் அது ஒன்றுதான். சிரங்கு என்று வாயைத் திறந்தால் பெற்றவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

சிஸ்டர் ஒரே ஒரு டியூபைக் கொடுத்துவிட்டு நகர்ந்தாள்.

சற்று நேரத்தில் குழந்தை வீறிட்டு எழுந்தான். ஒரு காலால் மறு காலைத் தேய்த்துக்கொண்டு அழுதான். உள்ளங்காலில் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள். வேர்க்குருதான் என்று தன்னையே ஏமாற்றிப் பார்த்தாள் காஜாக்கா. அழுகை அடங்கவில்லை. இந்தப் பாவம் நமக்கெதற்கு என்று அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை ஓடி சிஸ்டரைப் பிடித்தாள். சிஸ்டர் குழந்தையைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். அந்த வீட்டுக்கும் டியூப்களைக் கொடுத்து, பூசும் முறையைச் சொல்லி அனுப்பினாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்தவளிடம் காஜாக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் டியூப்களை வாங்கிக்கொண்டாள். பிள்ளையை வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

காஜாக்கா உள்ளே போய்க் களிம்பைப் பூச ஆரம்பித்தாள். கை, கால், வயிறு எல்லாம் ஆயிற்று. நடு முதுகுதான் எப்படி வளைந்தாலும் எட்டவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி வந்து நின்றாள்.

"திரும்புங்கக்கா."

பின்னால் உட்கார்ந்து கழுத்திலிருந்து பூசினாள். உள்ளங்கை சூடாக இருந்தது. பெரியவர்கள் யாரும் அந்த முதுகைத் தொட்டு வருஷக்கணக்காகிறது.

"நாளையிலேருந்து அவனை எங்கம்மா வீட்டுல விடலாம்னு இருக்கேன்க்கா. கோவமெல்லாம் இல்ல. பயமா இருக்கு."

"சரிம்மா."

கை இடுப்புவரை வந்து நின்றது. முதுகு முழுக்கக் களிம்பு பரவியாயிற்று என்று காஜாக்காவுக்கு நன்றாகவே தெரிந்தது.

"அந்தப் பக்கம் இன்னும் படலம்மா" என்றாள்.